கணிப்பொறித் திரையில் துணியும் மடிப்பும்

கயிற்றில் உலர்த்திய வேட்டி காற்றில் அசைவதையும், நாற்காலியின் மீது போட்ட துண்டு மடிந்து விழுவதையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். இவற்றில் வியப்பதற்கு ஏதேனும் இருப்பதாக எவரும் கருதுவதில்லை. ஆயினும் இந்த எளிய நிகழ்ச்சியைக் கணிப்பொறியின் திரையில் உண்மைபோல் தோற்றுவிப்பதற்கு விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் யாதெனில், துணி ஒரு தனிப் பொருளைப்போல் நடந்துகொள்வதில்லை. ஒரு மரப்பெட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல மூன்று எண்களும், அது எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல மூன்று எண்களும் போதும். ஆறு எண்களில் பெட்டி அடங்கிவிடுகிறது. துணியிலோ ஒவ்வொரு பகுதியும் தன் அண்டைப் பகுதியோடு இணைந்திருந்தும், தனக்கென்று ஓர் இயக்கம் உடையதாக இருக்கிறது. அதனை விவரிக்க ஆயிரக்கணக்கான எண்கள் வேண்டும். அவ்வெண்கள் அனைத்தும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டும் இருக்கும்.

இன்றைய கணிப்பொறிகள் இவ்வேலையை விரைவாகச் செய்கின்றன. எனினும் இதற்குரிய அடிப்படை வழிகள், இன்றைய கருவிகளோடு ஒப்பிட மிகவும் வேகம் குறைந்த கணிப்பொறிகள் இருந்த 1980-களிலும் 1990-களிலும் வகுக்கப்பட்டவை. வசதி குறைவாக இருந்தமையால், துணியின் இயல்புகளுள் எவை இன்றியமையாதவை, எவற்றை விட்டுவிடலாம் என்று அக்காலத்தவர் ஆராய வேண்டியதாயிற்று. அந்த ஆராய்ச்சியின் பயன் பழைய கணிப்பொறிகளை வைத்துப் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியர்களுக்கும், நெசவுத் துறையில் பணியாற்றும் களப்பணியாளருக்கும் இன்றும் உரியது.

துணியின் மூன்று குணங்கள்

நெய்த துணியில் நீளவாட்டில் செல்லும் பாவு நூலும், குறுக்கே செல்லும் ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பாவின் திசையிலோ ஊடையின் திசையிலோ இழுத்துப் பார்த்தால் அது எளிதில் நீளாது. நூலையே நீட்ட வேண்டியிருப்பதால் துணி வலுவாக எதிர்க்கிறது. இது முதற்குணம்.

இனி அதே கைக்குட்டையின் எதிர்மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் அது கணிசமாக நீண்டு கொடுக்கும். இங்கே நூல்கள் நீளவில்லை. அவை ஒன்றையொன்று வெட்டும் கோணம் மட்டுமே மாறுகிறது. சதுரமாக இருந்த கண்கள் சாய்சதுரங்களாகின்றன. தையற்காரர் ‘கிராஸ்’ வாட்டில் துணியை வெட்டுவது இக்குணத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்கே. இது இரண்டாவது.

மூன்றாவது வளையும் குணம். மேசையின் விளிம்புக்கு வெளியே கைக்குட்டையை மெல்லத் தள்ளினால் அது தன் எடையாலேயே தொங்கிவிடும். வளைவதற்குத் துணி காட்டும் எதிர்ப்பு மிகச் சிறிது. ஆனால் அறவே இல்லாமலும் இல்லை. இந்தச் சிற்றெதிர்ப்பே மடிப்பு அகலமாக விழுமா குறுகலாக விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பியர்ஸ் என்பவர் 1930-ல் இதனை அளப்பதற்கு ஓர் எளிய முறையை வெளியிட்டார். துணிப்பட்டையை மேடையின் விளிம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டே சென்று, அதன் நுனி 41.5 பாகைச் சாய்வை எட்டும்போது வெளியே நீண்டிருக்கும் நீளத்தைக் குறித்து, அதில் பாதியை வளைவு நீளம் என்று கொள்வது அம்முறை.

நீள்வதற்கு வலிய எதிர்ப்பு, சாய்வதற்கு மெல்லிய எதிர்ப்பு, வளைவதற்கு மிகச் சிறிய எதிர்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே துணி. ஒரு தாளைப் பந்தின் மீது படிய வைக்க முயன்றால் அது கசங்குகிறது, துணியோ படிகிறது. தாள் வளையுமேயன்றிச் சாய்ந்து கொடுக்காது என்பதே இந்த வேற்றுமைக்குக் காரணம்.

வளைகோட்டின் வழி

கணிப்பொறியில் துணியை வரைவதற்கான முதல் முயற்சிகளுள் ஒன்று 1986-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஜெர்ரி வைல் என்பவரால் வெளியிடப்பட்டது. அவர் விசைகளின் கணக்கைத் தொடக்கத்தில் ஒதுக்கிவிட்டு வடிவக் கணிதத்தை நாடினார்.

இரு முனைகளில் கட்டிய சங்கிலி தன் எடையால் தொங்கும்போது கொள்ளும் வடிவத்தை லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் 1691-லேயே கண்டறிந்திருந்தனர். அதற்குச் சங்கிலியம் என்று பெயர். துணியைச் சில இடங்களில் ஆணியடித்துத் தொங்கவிட்டதாகக் கொண்டால், ஆணிக்கு ஆணி துணி ஏறத்தாழ இவ்வளைகோட்டின்படியே தொங்கும் எனலாம். வைல் ஆணிகளுக்கிடையே இக்கோடுகளை வரைந்து, அவற்றால் ஏற்படும் முக்கோணங்களை மேலும் மேலும் பிரித்து, இறுதியில் புள்ளிகளைச் சிறிது நகர்த்திச் சீர் செய்தார்.

இம்முறைக்கு வேண்டிய உழைப்பு குறைவு. ஆனால் இது அசையாது தொங்கும் துணிக்கே பொருந்தும். நடக்கும் மனிதனின் சட்டையையோ காற்றில் படபடக்கும் கொடியையோ இதனால் காட்ட இயலாது.

புள்ளிகளும் சுருள்விற்களும்

அசையும் துணிக்குப் பௌதிகத்தின் துணை வேண்டும். 1987-ல் டெர்சோபூலஸ், பிளாட், பார், பிளைஷர் ஆகிய நால்வரும் மீள்தன்மையுடைய பொருள்களின் இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே கணிப்பொறிப் படங்களை அமைக்கலாம் என்று காட்டினர். 1992-ல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தின் நாடியா மாக்னெனா-தால்மான் குழுவினர் நடமாடும் கணிப்பொறி உருவங்களுக்குத் தைத்த ஆடைகளையே அணிவிக்கும் முறையை வெளியிட்டனர். 1995-ல் பிரான்சு நாட்டின் சேவியர் ப்ரோவோ விவரித்த சுருள்வில் முறை பாடம் நடத்துவதற்கு மிகவும் ஏற்றது. ஆகவே அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

துணியைச் சதுரக் கட்டங்கள் கொண்ட வலையாக எண்ணிக்கொள்க. கட்டங்களின் மூலைதோறும் ஒரு சிறு நிறை இருக்கிறது. அடுத்தடுத்த நிறைகளை வலிய சுருள்விற்கள் இணைக்கின்றன. இவை நீள்வதை எதிர்ப்பவை. கட்டத்தின் எதிர்மூலைகளை இணைக்கும் மெல்லிய சுருள்விற்கள் சாய்வதை எதிர்ப்பவை. ஒரு புள்ளியை விட்டு அடுத்த புள்ளியோடு இணைக்கும் மிக மெல்லிய சுருள்விற்கள் வளைவதை எதிர்ப்பவை. கைக்குட்டையில் நாம் கண்ட மூன்று குணங்களும் இவ்வாறு மூவகைச் சுருள்விற்களாக மாறிவிடுகின்றன.

பக்கத்துக்கு 50 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத் துணியில் 2,500 புள்ளிகள் உண்டு. முதல்வகைச் சுருள்விற்கள் 4,900. இரண்டாம் வகை 4,802. மூன்றாம் வகை 4,800. ஆக மொத்தம் 14,502. இந்த எண்களை மாணவர்களே கட்டங்களை எண்ணிச் சரிபார்க்கலாம்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இடத்தைக் குறிக்க மூன்று எண்களும் வேகத்தைக் குறிக்க மூன்று எண்களும் வேண்டும். எண்ணொன்றுக்கு 4 பைட்டு என்று கொண்டால், துணி முழுவதற்கும் 60,000 பைட்டு நினைவகம் போதும். 1980-களின் ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகள் வழக்கமாக நிரல்களை இயக்கிய 640 கிலோபைட்டு நினைவகத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. எனவே பழைய கணிப்பொறிகளுக்கு இடம் ஒரு தடையாக இருக்கவில்லை. காலமே தடையாக இருந்தது.

காலக் கூறு என்னும் இடர்ப்பாடு

கணிப்பொறி காலத்தைத் தொடர்ச்சியாக அறிவதில்லை. சிறு சிறு கூறுகளாகப் பிரித்துக்கொண்டு, கூறுதோறும் விசைகளைக் கணக்கிட்டுப் புள்ளிகளை நகர்த்துகிறது. அக்கூறு மிகப் பெரியதாக இருந்தால் சிக்கல் விளைகிறது. இழுபட்ட சுருள்வில் ஒன்று புள்ளியைத் திரும்ப இழுக்கும்போது, கூறு நீண்டதாயின் புள்ளி தன் இடத்தைத் தாண்டி மறுபக்கம் வெகுதொலைவு சென்றுவிடும். அடுத்த கூறில் அதனினும் அதிகமாக இப்பக்கம் வரும். சில கூறுகளுக்குள் துணி முழுவதும் சிதறித் திரையை விட்டே மறைந்துவிடும். சுருள்வில் எவ்வளவு வலியதோ, நிறை எவ்வளவு சிறியதோ, அவ்வளவு சிறிய காலக் கூறு தேவைப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மீட்டர் சதுரமும் 150 கிராம் எடையும் உள்ள துணியைக் கொள்வோம். 2,500 புள்ளிகளில் ஒவ்வொன்றின் நிறையும் 0.06 கிராம். சுருள்வில்லை ஒரு மில்லிமீட்டர் நீட்ட ஏறத்தாழ 100 கிராம் எடை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், காலக் கூறு ஒரு வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ இருத்தல் வேண்டும். திரைப்படத்துக்கு வினாடிக்கு 24 படங்கள் தேவை. ஆகவே ஒரு படத்துக்கு 200-க்கு மேற்பட்ட கூறுகளும், ஏறத்தாழ 30 லட்சம் சுருள்வில் கணக்குகளும் ஆகின்றன. பத்து வினாடிப் படத்துக்கு 72 கோடி கணக்குகள்!

மடிப்புகள் இன்னும் நுண்ணியதாகத் தோன்றும்பொருட்டுப் புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? புள்ளிகள் நான்கு மடங்காகும். ஒவ்வொன்றின் நிறையும் கால் பங்காகும். நிறை குறைந்தமையால் காலக் கூறும் பாதியாகும். ஆகவே உழைப்பு எட்டு மடங்காகிறது. இதனைத் தாங்க இயலாமையே அக்காலத்தவரைப் புதிய வழிகளைத் தேடச் செய்தது.

மூன்று விடைகள்

முதல் விடை ப்ரோவோ கூறியது. சுருள்விற்களை உண்மைத் துணியின் அளவுக்கு வலியவையாக ஆக்காமல் மெல்லியவையாகவே வைத்துக்கொள்ளலாம். அதனால் பெரிய காலக் கூறு போதும். பின்னர் எந்தச் சுருள்வில்லாவது தன் நீளத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நீண்டிருந்தால், அதன் இரு முனைகளையும் நேரடியாக நகர்த்தி அந்த அளவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்.

இரண்டாவது விடை 1998-ல் டேவிட் பாரஃப், ஆண்ட்ரூ விட்கின் ஆகியோர் வெளியிட்டது. கூறின் தொடக்கத்தில் உள்ள விசையைக் கொண்டு நகர்த்தாமல், கூறின் முடிவில் இருக்கப்போகும் விசையைக் கொண்டு நகர்த்த வேண்டும் என்பது அவர்கள் கையாண்ட முறை. அவ்விசை முன்கூட்டியே தெரியாததாகையால், எல்லாப் புள்ளிகளையும் இணைக்கும் பெரியதொரு சமன்பாட்டுத் தொகுதியைக் கூறுதோறும் தீர்க்க வேண்டும். ஹெஸ்டனெஸ், ஸ்டீஃபல் ஆகிய கணித அறிஞர்கள் 1952-ல் வெளியிட்ட முறையின் ஒரு வகை இதற்குக் கைகொடுத்தது. ஒரு கூறுக்கு உழைப்பு அதிகம். ஆனால் கூறுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது. கணக்கின் வழி அசையும் ஆடையைத் திரைப்படத்துறை அப்போதுதான் ஏற்கத் தொடங்கியிருந்தது. பிக்சார் நிறுவனம் 1997-ல் வெளியிட்ட ‘ஜெரீஸ் கேம்’ என்னும் குறும்படத்தில் முதியவர் அணிந்த கோட்டு அவ்வாறு அசைந்ததே.

மூன்றாவது விடை விளையாட்டு நிரல்களுக்காக எழுந்தது. அங்கே படம் உடனுக்குடன் வேண்டும். இரவு முழுதும் காத்திருக்க இயலாது. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் யாகோப்சென், தாம் ஒரு விளையாட்டு நிரலில் கையாண்ட முறையை 2001-ல் விளக்கினார். பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூப் வெர்லே மூலக்கூறுகளின் இயக்கத்தைக் கணிக்க 1967-ல் பயன்படுத்திய வழி அதன் அடிப்படை. இதில் வேகத்தைத் தனியே வைத்திருப்பதில்லை. புள்ளி முன்பு இருந்த இடமும் இப்போது இருக்கும் இடமும் மட்டுமே போதும். அவ்விரண்டின் வேற்றுமையை மீண்டும் ஒரு முறை கூட்டி, புவியீர்ப்பின் பங்கையும் சேர்த்தால் அடுத்த இடம் கிடைக்கிறது. பிறகு அண்டைப் புள்ளிகளின் தொலைவு தவறியிருந்தால் இரண்டையும் சரிபாதியாக நகர்த்திச் சீர் செய்ய வேண்டும். சுருள்வில்லின் விசையைக் கணக்கிட வேண்டிய தேவையே இல்லை; எனவே துணி சிதறுவதும் இல்லை.

உடலோடு உரசும் ஆடை

ஆடை தனியே தொங்குவதன்று; உடலின் மீது படிவது. துணியின் புள்ளி ஒன்று உடலுக்குள் புகுந்துவிட்டதா என்று கூறுதோறும் பார்க்க வேண்டும். பழைய கணிப்பொறிகளில் பணியாற்றியோர் உடலை உருண்டைகளும் உருளைகளும் சேர்ந்த ஒன்றாகக் கொண்டு வேலையைச் சுருக்கிக்கொள்வது உண்டு. ஓர் உருண்டையின் மையத்திலிருந்து புள்ளியின் தொலைவு ஆரத்தைவிடக் குறைந்திருந்தால் அதனை மேற்பரப்புக்குத் தள்ளிவிடுவது எளிய கணக்கே.

துணி தன்னோடு தானே மோதுவது இதனினும் கடினம். 2,500 புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 31,23,750 இணைகள் உள்ளன. அனைத்தையும் கூறுதோறும் சோதிப்பது இயலாது. ஆகவே இடத்தைச் சிறு அறைகளாகப் பிரித்து, ஒரே அறையிலும் பக்கத்து அறைகளிலும் உள்ள புள்ளிகளை மட்டும் சோதிக்கும் வழி கையாளப்படுகிறது. புடவையின் கொசுவத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். தைக்கப்படாத ஒரே துணி பல அடுக்குகளாக மடிந்து, இடுப்பில் செருகப்பட்டு, உராய்வினாலேயே நிலைபெற்று நிற்கிறது. அங்கே ஒவ்வோர் அடுக்கும் அடுத்த அடுக்கோடு ஓயாது உரசிக்கொண்டிருக்கும்.

தோற்றமும் உண்மையும்

இதுவரை கூறியவற்றில் ஒரு செய்தி உள்ளடங்கியிருக்கிறது. நூற்றுக்குப் பத்து நீளலாம் என்று விடுவதும், தொலைவைச் சரிபாதியாகத் திருத்துவதும் கண்ணை நிறைவு செய்யும் உபாயங்கள். திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் அவை போதும். அங்கே காண்போர் கண்ணே நடுவர். ஆனால் அதே படத்தைக் கொண்டு ஒரு துணியை நெய்யலாமா, ஓர் ஆடையை வெட்டலாமா என்று முடிவு செய்யும்போது நடுவர் மாறிவிடுகிறார். படத்தில் அழகாக விழுந்த மடிப்பு தறியிலிருந்து இறங்கிய துணியில் விழாவிட்டால், இழப்பு நெசவாளருடையதும் தையற்காரருடையதும் ஆகும்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தே 1994-ல் பிரீன், ஹவுஸ், வோஸ்னி ஆகிய மூவரும் வேறொரு வழியில் சென்றனர். ஜப்பானில் கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் கவபாடா அமைத்த கருவிகளால் உண்மைத் துணிகளின் சாய்வு, வளைவு எதிர்ப்புகளை அளந்து, அவ்வளவுகளையே தங்கள் கணக்கில் இட்டனர். பிறகு கணிப்பொறி காட்டிய மடிப்புகளை உண்மைத் துணியின் மடிப்புகளோடு ஒப்பிட்டனர்.

களப்பணியாளர் இதிலிருந்து கொள்ளத்தக்க நெறி ஒன்றுண்டு. கணிப்பொறிப் படத்தைக் காட்டி ஒரு வடிவமைப்பை எவரேனும் பரிந்துரைத்தால், அப்படத்தில் ‘பருத்தி’ என்றும் ‘பட்டு’ என்றும் பெயரிட்டிருப்பது போதாது. சதுர மீட்டருக்கு எடை என்ன, வளைவு நீளம் என்ன, பாவிலும் ஊடையிலும் தனித்தனியே அளந்தார்களா என்று கேட்டறிதல் வேண்டும். நூலின் எண்ணும் நெசவின் நெருக்கமும் மாறினால் ஒரே பருத்தியும் வேறு வகையாக விழும் என்பதை நெசவாளர் நன்கு அறிவர்.

வகுப்பில் செய்து பார்க்க

விலையுயர்ந்த கருவிகள் இன்றியே இரண்டு சோதனைகளை மாணவர்கள் செய்யலாம்.

முதலாவது, துணி தொங்கும் அளவைக் காண்பது. 1960-களில் இங்கிலாந்தின் கியூசிக் செம்மைப்படுத்திய கருவியில், 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டின் மீது 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துணியை மையம் பொருந்த வைத்து, தொங்கும் துணியின் நிழலை அளப்பர். பள்ளியில் அதே அளவுள்ள தட்டை ஒரு குவளையின் மீது நிறுத்தித் துணியை வைத்து, தூக்குக்குண்டு நூலின் உதவியால் துணியின் ஓரத்தைக் கீழே உள்ள தாளில் குறித்துக்கொள்ளலாம். துணி சிறிதும் தொங்காவிடில் தட்டுக்கு வெளியே உள்ள வளையத்தின் பரப்பு 452 சதுர சென்டிமீட்டர். உண்மையில் குறித்த உருவத்தில் தட்டுக்கு வெளியே உள்ள பரப்பு இதில் நூற்றுக்கு எத்தனை என்பதே தொங்கல் விகிதம். கட்டத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணினால் பரப்பு கிடைத்துவிடும். மல், கதர், கஞ்சியிட்ட துணி ஆகியவற்றை ஒப்பிட்டால் வேற்றுமை பிரத்தியட்சமாகத் தெரியும்.

இரண்டாவது, கணக்குச் சோதனை. 11 புள்ளிகள், அவற்றிடையே 10 சென்டிமீட்டர் நீளமுள்ள 10 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியைக் கொள்க. இரு முனைகளையும் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரே உயரத்தில் பொருத்துக. தொடக்கத்தில் சங்கிலியை நடுவில் முனை உள்ள கோண வடிவில், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்கலாம். ஒவ்வொரு பக்கமும் 30, 40, 50 என்ற செங்கோண முக்கோணமாக அமையும். காலக் கூறு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு எனில், புவியீர்ப்பு கூறுதோறும் சேர்க்கும் இறக்கம் 981-ஐ 900-ஆல் வகுத்த 1.09 சென்டிமீட்டர். எல்லாப் புள்ளிகளையும் இறக்கியபின், ஒரு கண்ணி 10.6 சென்டிமீட்டராக நீண்டிருந்தால் இரு முனைகளையும் 0.3 சென்டிமீட்டர் வீதம் உள்ளே நகர்த்துக. ஒரு முனை பொருத்தப்பட்டதாயின் மறுமுனையை மட்டும் 0.6 நகர்த்துக. அசைவு அடங்கும்பொருட்டு, முந்தைய இடத்துக்கும் இன்றைய இடத்துக்கும் உள்ள வேற்றுமையைக் கூறுதோறும் 0.98-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.

இதனைத் தொடர்ந்து செய்தால் பக்கங்கள் கீழ்நோக்கி வளைந்து புடைக்க, நடுப்புள்ளியோ 40 சென்டிமீட்டரிலிருந்து மேலெழுந்து 36-க்கும் 37-க்கும் இடையே அமையும். எடையுள்ள ஒரு பொருளில் நடுப்புள்ளி மேலே செல்வது மாணவர்களுக்கு முதலில் விந்தையாகத் தோன்றும். சங்கிலி முழுவதன் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது என்பதை அப்போது விளக்கலாம். கரும்பலகையில் உண்மைச் சங்கிலி ஒன்றைத் தொங்கவிட்டு, கணக்கின் புள்ளிகளை அதனருகே குறித்து ஒப்பிடுவது நல்ல பாடமாகும்.

இதே கணக்கைப் பக்கத்துக்கு 20 புள்ளிகள் கொண்ட துணிக்கு விரித்தால் 400 புள்ளிகளும் 760 இணைப்புகளும் ஆகும். வினாடிக்கு 30 கூறுகள், கூறுக்கு 5 முறை திருத்தம் என்று வைத்தாலும் வினாடிக்கு 1,14,000 திருத்தங்களே தேவை. முன்னர்க் கண்ட கோடிக்கணக்கோடு இதனை ஒப்பிட்டால், வழி மாறும்போது உழைப்பு எவ்வளவு குறைகிறது என்பது புலனாகும். பழையதென்று பள்ளியின் மூலையில் ஒதுக்கப்பட்ட கணிப்பொறி பழுதின்றி இயங்குமாயின், பெரும்பாலும் இவ்வேலைக்கு அதுவே போதுமானது.

ஆகவே புதிய கருவி வரும் வரை இப்பாடத்தை ஒத்திவைக்க வேண்டுவதில்லை. மாணவர்கள் முதலில் துணியைக் கையில் எடுத்து இழுத்தும் சாய்த்தும் வளைத்தும் பார்க்கட்டும், அடுத்து அளக்கட்டும், அதன்பின் கணக்கிடட்டும். திரையில் தோன்றும் மடிப்பைக் கையிலுள்ள துணியோடு ஒப்பிட்டு, எவ்விடத்தில் வேறுபடுகிறது என்று குறித்து வைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் அவர்களிடம் வளர்ப்பார்களாக.